தாயின் வாய்: சொற்கள் எண்ணப்பட்ட வரலாறு

என் மகளுக்கு ஒன்றரை வயதாகியும் பேச்சு வரவில்லையே என்று ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தோம். காது நன்றாகக் கேட்கிறது என்றார்கள். நிம்மதி. கிளம்பும்போது அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். வீட்டில் குழந்தையின் மொழியை வளர்ப்பது எப்படி என்று பன்னிரண்டு கட்டளைகள் அதில். குளிப்பாட்டும்போது செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். குழந்தை ஒரு சொல் சொன்னால் அதை வாக்கியமாக நீட்டித் திருப்பிச் சொல்லுங்கள். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். டி.வி.யை அணையுங்கள். பன்னிரண்டும் 'அம்மாவே' என்ற விளியோடுதான் தொடங்கின. தமிழில் எம்.ஏ. படித்துவிட்டு மொழி, மொழி என்று எழுதித் திரிகிற நானும் அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. 'வீட்ல கொழந்தகிட்ட நெறயப் பேசுவீங்களாம்மா?' என்ற கேள்வி என் மனைவியை நோக்கித்தான் போயிற்று. காலை ஏழரைக்குப் பஸ் பிடித்து இரவு ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவள் அவள். தலையைக் குனிந்துகொண்டாள்.

ஊருக்குப் போனபோது தாளை என் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நாற்பது வருஷம் பீடி சுற்றியவள். 'பேசுததுக்கெல்லாமா சீட்டு எழுதிக் குடுக்காவ?' என்று கேட்டாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, 'ஒங்கிட்ட நான் என்னத்தல பேசுனேன்? தட்ட மடியில வச்சா நிமிர நேரம் இருக்காது. நாங்க பொம்பளைய பேசிக்கிட்டு இருப்போம், நீ பக்கத்துல கெடப்ப' என்றாள். குற்றவுணர்வு எதுவும் அவள் குரலில் இல்லை. மனைவியிடம் இருந்த அந்தத் தலைகுனிவு அம்மாவிடம் ஏன் இல்லை என்பதிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்கியது. இடையில் எங்கோ ஒரு வரலாறு நடந்திருக்கிறது. அந்தத் தாள் எங்கிருந்து வந்தது?

குழந்தைக்குப் பேச்சு எப்படி வருகிறது என்ற கேள்வியை நமக்குத் தெரிந்து முதலில் கேட்டவர்கள் அரசர்கள். எகிப்தின் சாம்மெட்டிகஸ் இரண்டு சிசுக்களை ஓர் ஆட்டிடையனிடம் கொடுத்து, அவர்கள் காதில் ஒரு சொல்லும் விழக்கூடாது என்று உத்தரவிட்டதாக ஹெரோடோடஸ் எழுதுகிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இரண்டாம் ஃபிரெடரிக், செவிலியர் பால் கொடுக்கலாம், குளிப்பாட்டலாம், பேசக்கூடாது என்று விதித்ததாகவும், குழந்தைகள் எல்லாம் செத்துப்போனதாகவும் சலிம்பேனே என்ற துறவியின் குறிப்பு உண்டு. (சலிம்பேனேவுக்கு ஃபிரெடரிக்கைப் பிடிக்காது என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.) அக்பரும் இதே சோதனையைச் செய்தார். 1582இல் அவர் அந்த வீட்டுக்குப் போனபோது குழந்தைகளிடமிருந்து பேச்சொலி எதுவும் எழவில்லை என்கிறது அக்பர்நாமா. மூன்று கதைகளிலும் அரசனுக்குத் தேவைப்பட்டது ஆதிமொழி எது, மனிதனின் இயல்பு எது என்ற விடை. குழந்தை அதற்கான கருவி. மூன்றிலும் வாயை மூடிக்கொள்ளச் சொல்லப்பட்டவர்கள் கூலிக்கு இருந்த இடையனும் செவிலியரும் என்பதை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. வேலைக்காரியின் நாக்கின் மீது அதிகாரம் செலுத்திய முதல் ஆவணங்கள் இவை எனலாம். அப்போதைய கட்டளை 'பேசாதே.'

'பேசு' என்ற கட்டளை வர 1800 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1801இல் பெஸ்டலோசி 'கெர்ட்ரூட் தன் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிக்கிறாள்' என்ற நூலை வெளியிட்டார். இரண்டே ஆண்டில், 1803இல், 'தாய்மார்களின் நூல்' அவர் பெயரில் வந்தது. குழந்தையின் உடலையே பாடமாக வைத்து ஒவ்வொரு உறுப்பாகத் தாய் காட்ட வேண்டும், பெயர் சொல்ல வேண்டும், திரும்பச் சொல்ல வேண்டும். அது வரை தாய்மார் பேசாமலா இருந்தார்கள்? பேசினார்கள், அந்தப் பேச்சு முறைப்படுத்தப்பட வேண்டிய ஒன்றாக இருக்கவில்லை. ஃப்ரீட்ரிக் கிட்லர் 1985இல் எழுதிய நூலில் இந்தக் கட்டத்தைத்தான் 'தாயின் வாய்' என்று குறிப்பிடுகிறார். அப்போது ஜெர்மானியச் சீர்திருத்தவாதிகள் எழுத்தின் பெயரைச் சொல்லிக் கற்பிப்பதை விட்டு, எழுத்தின் ஒலியைத் தாயின் வாயிலிருந்து குழந்தை பெறவேண்டும் என்றார்கள். மொழியின் ஊற்றுக்கண்ணாகத் தாய் அமர்த்தப்பட்டாள். அவள் வாயிலிருந்து மொழியைப் பெற்ற பையன் பல்கலைக்கழகம் போனான், அரசு அதிகாரியானான், கவிஞனும் ஆனான். அவளோ, பிரஷ்யப் பல்கலைக்கழகங்களில் முழு மாணவியாகச் சேர 1908 வரை அனுமதிக்கப்படவில்லை. ஊற்றுக்குத் தாகம் எடுக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்து ஃப்ரோபெல்லின் தாய்ப்பாடல் நூல் 1844இல் வந்தது. விரலாட்டங்களோடு தாய்க்கான பயிற்சி. இவரது மழலையர் பள்ளிகளை 1851இல் பிரஷ்ய அரசே தடை செய்தது வேறு கதை. டார்வின் தன் மூத்த மகனைப் பற்றி 1839 முதல் எழுதி வைத்த குறிப்புகளை 1877இல் கட்டுரையாக்கினார். தகப்பன் நோட்டுப் புத்தகத்தோடு எதிரே உட்கார்ந்திருக்க, தாய் பின்னணியில் எங்கோ பேசிக்கொண்டிருக்கிறாள். குழந்தைமொழி ஆய்வின் ஆதிக் காட்சி இது. நானும் அந்த வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்பது தெரியாமல் இல்லை.

ஆனாலும் இவையெல்லாம் வசதியான வீட்டுத் தாய்க்குச் சொன்னவை. ஏழைத் தாயின் வாய் எப்போது பிரச்சினையானது? அதற்கு அமெரிக்காவுக்குப் போகவேண்டும். 1965இல் வறுமை ஒழிப்புத் திட்டத்தின் பகுதியாக 'ஹெட் ஸ்டார்ட்' என்ற முன்பள்ளித் திட்டம் தொடங்கியது. மறு ஆண்டே பெரைட்டர், எங்கல்மன் இருவரும், இந்தக் குழந்தைகளுக்கு மொழியே இல்லை என்று வைத்துக்கொண்டு ஆரம்பத்திலிருந்து கற்பிக்கவேண்டும் என்ற கருத்தோடு ஒரு நூலை வெளியிட்டார்கள். கறுப்புக் குழந்தை வாயைத் திறப்பதில்லை, ஒற்றைச் சொல்லில் பதில் சொல்கிறது, ஆகவே வீட்டில் மொழி இல்லை என்ற தர்க்கம்.

வில்லியம் லபோவ் 1969இல் இதை உடைத்த விதம் நம் விமர்சகர்கள் படிக்கவேண்டியது. ஹார்லெமில் எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் பேட்டி எடுக்கிறார்கள். பேட்டி எடுத்தவரும் கறுப்பினத்தவர், அந்தப் பகுதியை நன்கு அறிந்தவர். அப்படியிருந்தும் பையன் வாயைத் திறக்கவில்லை. அடுத்த முறை அவர் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தோடு போனார், பையனின் சிநேகிதனையும் கூட்டிக்கொண்டார், நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்தார், சொல்லக்கூடாத வார்த்தைகளைத் தானே முதலில் சொன்னார். அதன்பின் இரண்டு பையன்களும் முட்டி மோதிக்கொண்டு பேசுகிறார்கள். மொழி பையனின் மண்டைக்குள் இல்லாமல் போகவில்லை. கேட்பவன் மேலே உட்கார்ந்திருந்தால் அது வெளியே வராது. ஒரு மனிதனின் பேச்சை அளக்கிறேன் என்கிறவன், தனக்கு முன்னால் அந்த மனிதன் எப்படி அடங்கிப்போகிறான் என்பதையும் சேர்த்தே அளக்கிறான்.

இந்தப் பாடம் கான்சாஸ் சிட்டியில் எடுபடவில்லை. அங்கே ஜூனிபர் கார்டன்ஸ் என்ற கறுப்பு ஏழைகளின் குடியிருப்பில் பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி இருவரும் அறுபதுகளில் முன்பள்ளி நடத்தினார்கள். அவர்களைக் கெட்டவர்களாகச் சித்திரிக்க எனக்கு விருப்பமில்லை. பள்ளியில் சொற்கள் கற்றுக்கொடுத்தார்கள், குழந்தைகள் கற்றுக்கொண்டார்கள். ஆனால் கொஞ்ச நாளில் பழைய வேகத்துக்கே திரும்பினார்கள். அந்தத் தோல்வி அவர்களை உறுத்தியது. வேர் வீட்டில் இருக்கவேண்டும் என்று வீடுகளுக்குள் நுழைந்தார்கள். எண்பதுகளின் முற்பாதியில் 42 குடும்பங்கள், மாதம் ஒரு மணி நேரம், குழந்தைக்கு மூன்று வயதாகும் வரை. ஒலிப்பதிவுக் கருவியும் குறிப்பேடுமாக ஒருவர் மூலையில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அத்தனையையும் எழுத்தில் பெயர்த்து எண்ணி முடிக்கவே வருஷக்கணக்கில் ஆயிற்று. 1995இல் புத்தகம் வந்தது.

உயர்தொழில் செய்யும் பெற்றோர் வீட்டில் குழந்தை மணிக்கு 2153 சொற்கள் கேட்கிறது. தொழிலாளர் வீட்டில் 1251. அரசு உதவித்தொகையில் வாழும் வீட்டில் 616. ஊக்குவிக்கும் பேச்சு முதல் வகை வீட்டில் மணிக்கு 32 முறை, கடைசி வகையில் 5 முறை. அதட்டும் பேச்சு முறையே 5, 11. இந்த ஒரு மணி நேரக் கணக்கை நாளுக்குப் பதினான்கு மணி நேரம் என்று நான்கு ஆண்டுகளுக்குப் பெருக்கினால் நாலரைக் கோடிச் சொற்களும் ஒரு கோடியே முப்பது லட்சம் சொற்களும் வருகின்றன. கழித்தால் மூன்று கோடிச் சொச்சம். 2003இல் அவர்களே எழுதிய கட்டுரையின் தலைப்பில் 'மூன்று வயதுக்குள் மூன்று கோடிச் சொல் இடைவெளி' என்று ஏறிக்கொண்டது. பெருக்கியது நான்கு வருஷத்துக்கு, தலைப்போ மூன்று வயதுக்கு. அப்புறம் அந்த எண்ணை இறக்க யாராலும் முடியவில்லை.

உதவித்தொகைக் குடும்பங்கள் மொத்தம் எத்தனை தெரியுமா? ஆறு. ஆறும் கறுப்புக் குடும்பங்கள்.

அந்த ஆறு வீடுகளின் கூடத்தில் குறிப்பேட்டோடு ஓர் அந்நியர் உட்கார்ந்திருக்கும் காட்சியை யோசித்துப் பார்க்கிறேன். அமெரிக்காவில் உதவித்தொகை பெறும் பெண்களின் வீட்டுக்குள் ஆண் யாராவது இருக்கிறானா என்று இரவில் அதிகாரிகள் வந்து சோதித்த வழக்கம் இருந்தது. ஆண் இருந்தால் தொகை நின்றுவிடும். 1968இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. அதாவது ஒலிப்பதிவு தொடங்குவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்குள். வீட்டுக்குள் வந்து குறிப்பெடுக்கிறவர் என்றால் யார் என்பது அந்தத் தாய்மாருக்குத் தெரியும்; அவர்களுடைய அம்மாமாருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். பேராசிரியர் வீட்டுப் பெண் அதே ஆளின் முன்னால் என்ன செய்வாள்? குழந்தையோடு எவ்வளவு அழகாகப் பேசுகிறாள் என்று காட்டுவாள். 616 என்பது அந்த வீட்டில் இருந்த மொழியின் அளவா, அந்நியர் முன்னால் இருந்த அடக்கத்தின் அளவா? லபோவின் அந்த எட்டு வயதுப் பையன் இங்கே தாயாகி உட்கார்ந்திருக்கிறான்.

இன்னொன்று. புத்தகம் வந்த மறு ஆண்டு, 1996 ஆகஸ்டில், குடியரசுத் தலைவர் பில் கிளிண்டன் உதவித்தொகைச் சட்டத்தை மாற்றிக் கையெழுத்திட்டார். தொகை வாங்குகிறவர் இரண்டு ஆண்டுக்குள் வேலைக்குப் போகவேண்டும். மத்திய நிதியிலிருந்து ஆயுளில் மொத்தம் ஐந்தாண்டு, அவ்வளவுதான். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் மட்டும், மாநிலம் விரும்பினால், விலக்குத் தரலாம். ஒரு வயதுக்கு மேல் அந்தக் குழந்தை யாரிடம் பேசும்? 2013இல் அதே கிளிண்டன் குடும்பத்தின் அறக்கட்டளை, ஏழைத் தாய்மார் தம் சிசுக்களிடம் பேசவேண்டும், பாடவேண்டும், படித்துக் காட்டவேண்டும் என்ற பிரச்சாரத்தைப் பெரிய அளவில் தொடங்கியது. எந்த வீட்டிலிருந்து சட்டம் போட்டுத் தாயை வெளியே இழுத்தார்களோ, அதே வீட்டில் அவள் பேசுவதில்லை என்று பதினேழு வருஷம் கழித்துக் கண்டுபிடிக்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்காமல் இந்த 'இடைவெளி' என்ற சொல்லாடலைப் புரிந்துகொள்ள முடியாது. சொல்லை எண்ணிவிட்டால் நேரத்தை எண்ணவேண்டியதில்லை. கூலியை எண்ணவேண்டியதே இல்லை.

அந்த ஆண்டே ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரத்துக்கு இதே நோக்கத்துக்காக 50 லட்சம் டாலர் பரிசு கிடைத்தது, ப்ளூம்பெர்க் அறக்கட்டளையிலிருந்து. குழந்தையின் சட்டைப் பையில் ஒரு சிறு கருவி. பதினாறு மணி நேரம் வரை பதிவு செய்யும். கணினி எண்ணிக்கையை மதிப்பிட்டுச் சொல்லும். என்ன பேசினார்கள் என்பது அதற்குப் புரியாது, புரியத் தேவையும் இல்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்த குறிப்பேட்டுக்காரர் இப்போது குழந்தையின் மார்பில் உட்கார்ந்திருக்கிறார்.

உலகம் முழுவதும் குழந்தைகள் இப்படித்தான் பேசக் கற்கின்றனவா என்ற கேள்விக்கு மானிடவியலிடம் நெடுநாளாகப் பதில் இருந்தது. பப்புவா நியூ கினியின் கலுலி மக்களிடையே வாழ்ந்த பாம்பி ஷீஃபலினும், சமோவாவில் இருந்த எலினார் ஆக்ஸும் 1984இல் சேர்ந்து எழுதினார்கள். கலுலித் தாய் சிசுவோடு உரையாடுவதில்லை. அதற்குப் புரியாது என்பது அவர்கள் எண்ணம். குழந்தையைத் தன்னை நோக்கித் திருப்பிக்கொள்ளாமல் வெளியே பார்க்கவைத்துப் பிடித்துக்கொள்கிறாள். எதிரே நிற்கும் அண்ணன்காரனிடம், குழந்தையே பேசுவதுபோல் கீச்சுக் குரலில் இவள் பேசுகிறாள். குழந்தை 'அம்மா', 'முலை' என்ற இரண்டு சொற்களையும் சொன்ன பிறகே அதற்கு மொழி தொடங்கிவிட்டதாகக் கொண்டு, 'இப்படிச் சொல்' என்று பிறரிடம் பேசப் பழக்குகிறார்கள். மெக்சிகோவின் ட்செல்ட்டல் மாயர் கிராமம் ஒன்றில் சிறு குழந்தையை நோக்கி மணிக்கு மூன்றரை நிமிடம் அளவுக்குத்தான் பேசுகிறார்கள் என்று 2020இல் மரிசா கசியாஸ் குழுவினர் வெளியிட்டார்கள். அந்தக் குழந்தைகள் முதல் சொல்லையும் முதல் சொற்சேர்க்கையையும் மற்றக் குழந்தைகளின் வயதிலேயே எட்டுகின்றன.

2018இல் ஸ்பெர்ரி தம்பதியரும் பெக்கி மில்லரும் கான்சாஸ் கணக்கையே திரும்ப எடுத்தார்கள். ஐந்து சமூகங்கள், தற்செயலாகவோ என்னவோ, இங்கும் 42 குழந்தைகள். ஒரே வர்க்கத்துக்குள்ளேயே சமூகத்துக்குச் சமூகம் பெரும் வேறுபாடு இருந்தது. தாயின் நேர்ப்பேச்சோடு நிறுத்தாமல் வீட்டிலுள்ள எல்லோர் பேச்சையும், குழந்தையின் காதில் விழும் அக்கம்பக்கப் பேச்சையும் சேர்த்தால் சில ஏழைச் சமூகங்களின் எண்ணிக்கை கூடிவிடுகிறது. கான்சாஸ் கணக்கில் இந்தப் பேச்சு பேச்சாகவே சேரவில்லை. படித்தபோது அம்மாவின் பீடித்தட்டும், சுற்றி உட்கார்ந்திருந்த ஆறேழு பெண்களும், அந்தச் சிரிப்பும் ஒரேயடியாக ஞாபகத்துக்கு வந்தன. கடன்காரனைத் திட்டுவது, மாமியாரைப் பழித்துப் பேசுவது, தரகன் இலையைக் குறைத்துக் கொடுத்த கணக்கு, சினிமாக் கதை. நான் தமிழைக் கற்றது அங்கேதான்.

ஆனால் இந்த ஞாபகத்தை நான் அதிகம் நம்பவில்லை. எழுதுகிற பயலுக்கு அம்மாவின் பீடித்தட்டு ஒரு நல்ல உருவகமாகிவிடும். அதே தட்டின் பக்கத்தில் கிடந்து வளர்ந்து எட்டாம் வகுப்போடு நின்றுபோனவர்களும் எங்கள் தெருவில் உண்டு. ஸ்பெர்ரிக்கு மறுப்பும் உடனே வந்தது. ராபர்ட்டா கோலின்காஃப் முதலானோர் 2019இல், காதில் விழும் பேச்சு நேர்ப்பேச்சுக்கு ஈடாகாது, இடைவெளியை மறுப்பது குழந்தைகளுக்கே தீங்கு என்றார்கள். இந்த மறுப்பில் பொருளில்லாமல் இல்லை. 2013இல் வைஸ்லெடர், ஃபெர்னால்ட் இருவரும் கலிஃபோர்னியாவில் ஸ்பானிய மொழி பேசும் 29 ஏழைக் குடும்பங்களை ஆராய்ந்தபோது, குழந்தையை நோக்கிப் பேசிய பேச்சே பின்னால் சொல்வளத்தோடு தொடர்புற்றது, சும்மா காதில் விழுந்தது அப்படித் தொடர்புறவில்லை. அதே ஆய்வில் இன்னொரு தகவலும் உண்டு. ஒரே மாதிரி ஏழ்மையில் வாழும் அந்த வீடுகளுக்குள், பத்து மணி நேரத்தில் குழந்தையிடம் பேசிய சொற்கள் ஒரு வீட்டில் 670, இன்னொரு வீட்டில் 12,000க்கு மேல். 'ஏழை வீடு' என்ற ஒற்றைப் பெயருக்குக் கீழே எத்தனை வகை வீடுகள்! குழந்தையிடம் பேசுவது நல்லது என்பதை நான் மறுக்கவில்லை. அது யாரிடம், யாரால், எதை மறைப்பதற்காகச் சொல்லப்படுகிறது என்பதே என் கேள்வி.

நம் பக்கத்துக்கும் இது வந்துவிட்டது. 2024இல் மத்திய அரசு 'நவசேதனா' என்ற பெயரில், பிறப்பிலிருந்து மூன்று வயது வரைக்குமான தூண்டல் திட்டத்தை வெளியிட்டது. 36 மாதத்துக்கு மாதவாரியாக 140 செயல்பாடுகள். தமிழ் படித்தவனுக்கு மாதவாரி அட்டவணை என்றதும் பிள்ளைத்தமிழ்தான் ஞாபகம் வரும். மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தாம் மாதம் செங்கீரை என்று பாட்டியல் நூல்கள் கணக்கு வைத்திருக்கின்றன. பத்துப் பருவத்திலும் புலவன் தாய்க்குரலில் கெஞ்சிக்கொண்டே இருக்கிறான். பிள்ளை ஒரு சொல்லும் திருப்பிச் சொல்வதில்லை, யாரும் கவலைப்படுவதும் இல்லை. தெய்வத்துக்கும் அரசனுக்கும் பேச்சு தாமதமானால் கேட்பார் இல்லை. 'தால்' என்றால் நாக்கு. அதை ஆட்டி ஒலியெழுப்பித் தூங்கவைப்பதால் தாலாட்டு. அந்தப் பாட்டைப் பாடிய வயற்காட்டுப் பெண்ணின் நாக்கை எண்ணிப் பார்க்க அப்போது ஆள் வரவில்லை.

எங்கள் ஊர் அங்கன்வாடியில் வேலை பார்க்கும் அக்காவிடம் இந்த அட்டவணை பற்றிக் கேட்டேன். அவருக்குக் கிடைப்பது சம்பளம்கூட இல்லை, மதிப்பூதியம். எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, போனில் விவரம் ஏற்றுவது எல்லாவற்றோடும் வீடு வீடாகப் போய்த் தாய்மாருக்குச் சொல்லவும் வேண்டும். 'சொல்லுதோம் தம்பி. நாங்க போற நேரத்துக்கு எந்தப் பிள்ளையோட அம்மா வீட்டுல இருக்கா? ஆச்சிட்டதான் சொல்லிட்டு வருவோம். ஆச்சிக்கு ஆயிரம் வேலை' என்றார். பிறகு என்னைப் பார்த்து, 'நீங்க பேசுதியளா பிள்ளட்ட?' என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி.

தாளை மனைவி இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள். அவளுடைய பஸ் இப்போதும் ஏழரைக்குத்தான். காலையில் குளிப்பாட்டுவது இப்போது என் வேலை. 'தண்ணி ஊத்துறேன், சோப்பு போடுறேன், இது கை, இது இன்னொரு கை' என்று தாளில் உள்ளபடி சொல்லிக்கொண்டே செய்கிறேன். முதல் வாரம் கூச்சமாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். மகளுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. நாலைந்து சொற்கள் வந்திருக்கின்றன. அதில் ஒன்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத வசவு. ஆச்சி வீட்டில் இருந்த பத்து நாளில், தெருவில் எங்கோ கேட்டு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். சரியான இடத்தில்தான் சொல்கிறாள்.